துப்பாக்கி தூக்காதவர்களுக்கு என்ன சட்டம்?

1998 ஆம் ஆண்டு. கண்டி தலதா மாளிகை வாசலில் புலிகளின் லொறிக் குண்டு வெடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் விடியற்காலை பஸ்ஸில் அம்மா, நான், என் பெரியம்மா மகள் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குப் பதினெட்டு, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்க்க அம்மா அழைத்துப் போகிறாள். அவிசாவளை தாண்டியதும் அம்மா முந்தானை நுனியை நாக்கில் நனைத்து அக்காவின் நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

கொழும்பை நெருங்கும்போது ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். அக்காவிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரை எழுதியவர் ஓர் எழுத்தை மாற்றிவிட்டிருந்தார். அதைத் திருத்தாமல் அட்டைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. கையிலிருந்தது தோட்ட அலுவலகம் கொடுத்த ஒரு துண்டுக் கடிதம் மட்டும். சீருடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கச் சொன்னார். பஸ் போய்விட்டது. நாங்கள் நின்றோம்.

ஒரு மணி நேரம் கழித்துச் சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பொலிஸ் வந்து அக்காவை உள்ளே அழைத்துப் போனார். திரை முழுதாக மூடவில்லை. அக்காவின் சுருக்குப்பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை அவர் பிரித்து, முகர்ந்து பார்த்து, பழைய மடிப்புகளின்மேலேயே மறுபடி மடித்துக் கொடுத்தார். பெயர் என்ன என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். கடிதத்தை வாங்கிக்கொண்டு போய், முன்பு நிற்கச் சொன்னவரிடம் ஏதோ சிங்களத்தில் பேசினார். எங்களை விட்டுவிட்டார்கள்.

போர்க் காலத்தில் பெண்களையும் பொதுமக்களையும் பாதுகாப்பது பற்றி அரசுகள் நிறையப் பேசுகின்றன. ஒப்பந்தம், தீர்மானம், செயற்றிட்டம் என்று பெயர்கள் நீளும். இவற்றை முதன்முதலாகப் படிக்கிற ஒருவருக்கு எங்கே தொடங்குவது என்று புரியாது. எனக்கு அந்தச் சாக்குத் திரையிலிருந்து தொடங்குவது வசதியாக இருக்கிறது. ஏனென்றால் அன்று அந்தத் திரைக்குள் இரண்டு சட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அவை சட்டங்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். பாதுகாப்பு அமைச்சு இருக்கிறது, பாதுகாப்புப் படை இருக்கிறது. வடக்கில் மக்களின் வீடுகளையும் தோட்டங்களையும் வேலியடைத்து எடுத்துக்கொண்ட இடத்துக்கும் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்றுதான் பெயர். அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதும் யாருக்கு, யாரிடமிருந்து என்று கேட்கும் பழக்கம் நல்லது. இங்கே நான் சொல்லும் பாதுகாப்பு, ஆயுதம் ஏந்தாத ஒருவருக்கு ஆயுதம் ஏந்திய எவரிடமிருந்தும் கிடைக்க வேண்டியது. அந்த ‘எவரும்’ அரச படையாக இருக்கலாம், இயக்கமாக இருக்கலாம்.

பிரித்தறிவதுதான் முதல் பாடம்

போருக்குச் சட்டமா என்று சிரிப்பவர்கள் உண்டு. 1859 இல் இத்தாலியின் சொல்பெரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்த ஹென்றி டூனான் என்ற சுவிஸ் வணிகர் சிரிக்கவில்லை. அவர் முயற்சியால் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. 1864 இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. அது காயமுற்ற படைவீரர்களைப் பற்றியது. சாதாரண மக்களுக்கென்று தனி ஒப்பந்தம் வர இரண்டு உலகப் போர்கள் முடிய வேண்டியிருந்தது. 1949 ஓகஸ்ட் 12 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களில் நான்காவதுதான் பொதுமக்களுக்கானது. இலங்கை 1959 இல் இவற்றில் சேர்ந்தது.

இந்தச் சட்டம் முழுவதற்கும் அடித்தளம் ஒன்றே. சண்டையிடுபவரையும் சண்டையிடாதவரையும் பிரித்தறிய வேண்டும். தாக்குதல் முன்னவர்மீது மட்டுமே இருக்கலாம். பிறகு வருவன இதிலிருந்து கிளைப்பவை. ஒரு முகாமைத் தாக்கும்போது பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்களுக்கு ஏற்படக்கூடிய சேதம், கிடைக்கும் இராணுவப் பயனைவிட மிகையாக இருந்தால் அந்தத் தாக்குதலே தவறு. இதை விகிதாசாரம் என்கிறார்கள். தாக்குவதற்கு முன் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார், முடிந்தால் எச்சரி என்பது முன்னெச்சரிக்கை. பிடிபட்டவரையும் சரணடைந்தவரையும் மனிதராக நடத்து என்பது இன்னொன்று. லயத்துக்கு நடுவில் கொண்டுபோய் முகாம் போடாதே என்பதும் இதே வரிசையில் வரும். மக்களைக் கேடயமாக வைத்துக்கொள்வதும் குற்றமே.

இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டால் ஜெனீவா ஒப்பந்தங்கள் முழுதாகப் பொருந்தும். ஒரு நாட்டுக்குள்ளேயே அரசுக்கும் ஓர் இயக்கத்துக்கும் சண்டை என்றால்? நான்கு ஒப்பந்தங்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்ட மூன்றாம் உறுப்புரை அதற்குத்தான். சண்டையில் பங்கெடுக்காதவர்களைக் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பணயம் வைக்காதே, மானத்தைக் குலைக்காதே, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்காதே. உள்நாட்டுப் போர்களுக்கு இன்னும் விரிவான விதிகளைச் சொல்லும் இரண்டாவது மேலதிக நெறிமுறை 1977 இல் வந்தது. இலங்கை இன்றுவரை அதில் சேரவில்லை. ஆனாலும் மூன்றாம் உறுப்புரை 1983 முதல் 2009 வரை அரசையும் புலிகளையும் ஒன்றுபோலவே கட்டுப்படுத்தியது. தலதா மாளிகை வாசலில் குண்டு வைத்ததும் அந்த விதியை மீறியதுதான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியடித்ததும் அப்படியே.

மலையகத்தில் இருப்பவர்களுக்குப் பிரித்தறிதல் என்றால் என்னவென்று விளக்கவே தேவையில்லை. அது நடக்காதபோது என்ன ஆகும் என்பது தெரியும். 1983 யூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலாகச் சில நாள்களில் கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்தன. யாழ்ப்பாணத்தை வாழ்நாளில் பார்த்திராத, அரிசிக் கூப்பனும் செக்ரோல் என்ற தோட்ட வேலைப் பதிவேட்டில் பெயரும் தவிர வேறு அரசியல் அறியாத மக்கள் அடிபட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு ஒரு கூட்டத்தையே தண்டிப்பதை நான்காம் ஒப்பந்தத்தின் 33 ஆம் உறுப்புரை தடை செய்கிறது. ஆனால் கலவரம் சட்டப்படி ‘ஆயுத மோதல்’ என்ற வரையறைக்குள் வராது. ஆயுத மோதல் என்றால் ஓரளவு கட்டமைப்புள்ள இரு தரப்புகள், தொடர்ந்த சண்டை வேண்டும். பெற்றோல் போத்தலுடன் வரும் கும்பலுக்கு ஜெனீவா பொருந்தாது.

அப்படியானால் கும்பலிடமிருந்து காப்பது எது? மனித உரிமைச் சட்டமும் நாட்டின் அரசியலமைப்பும் சாதாரணக் குற்றவியல் சட்டமும். போர், சமாதானம் எதுவானாலும் இவை உயிரோடு இருக்கும். நம் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. அவசரகால நிலை அறிவித்தாலும் அதைத் தள்ளிவைக்க முடியாது. 12 ஆம் உறுப்புரை சமத்துவம். 13 ஆவது கைது பற்றியது.

சட்டம் இருந்தும் காவலுக்கு நின்றவர்கள் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பண்டாரவளைக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2000 ஒக்டோபர் 25 காலை, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தவர்களும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுமான தமிழ் இளைஞர்கள், சிறுவர்கள்; 20க்கும் மேற்பட்டோர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 60 பொலிசார் அங்கே இருந்தார்கள். அடுத்த நாள்களில் தலவாக்கலைப் பக்கம் வரை பதற்றம் பரவியது; எங்கள் தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் ஆள் சேரவில்லை, மூன்று நாள் கொழுந்து முற்றிப் போனது. 2003 இல் மேல் நீதிமன்றம் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 ஆகும்போது, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்திருந்தது.

பெண்களுக்கு ஏன் தனி விதி?

பிந்துனுவெவ நடந்து ஆறாவது நாள், அதாவது 2000 ஒக்டோபர் 31 அன்று, நியூயோர்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1325 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த மாதம் சபைக்குத் தலைமை வகித்த நாடு நமீபியா. இரண்டு செய்திகளையும் ஒரே வாரத்துப் பத்திரிகைகளில் தேடினால் முதலாவதுதான் கிடைக்கும் என்பது என் ஊகம். ஆனால் பெண்களும் போரும் பற்றி இன்று எந்த அரசு பேசினாலும் 1325 என்ற எண் வராமல் இருக்காது.

அதற்கு முன் விதி இல்லாமல் இல்லை. நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 27 ஆம் உறுப்புரை பெண்களை வன்புணர்விலிருந்தும் கட்டாய விபசாரத்திலிருந்தும் விசேடமாகக் காக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது பயன்படுத்தும் சொல் ‘மானம்’. பெண்ணின் மானத்துக்கு எதிரான தாக்குதல் என்று எழுதியிருக்கிறார்கள். உடலுக்கு நேர்ந்த கொடுமையை மானக்கேடாக எழுதினால், அதைச் சொல்ல வாய் திறக்க வேண்டியவளே வெட்கப்பட வேண்டியவளாகிவிடுகிறாள். சட்டம் எழுதிய கனவான்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் சாவடியில் நின்ற அதே 1998 இல் இந்தச் சிந்தனை மாறத் தொடங்கியது. 1996 செப்டம்பரில் யாழ்ப்பாணம் செம்மணிக் காவலரணில் ஒரு பாடசாலை மாணவி படையினரால் வன்புணர்வுக்குள்ளாகிக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998 யூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தப் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அதே மாதம் ரோம் நகரில், வன்புணர்வையும் பாலியல் அடிமைத்தனத்தையும் போர்க்குற்றம் என்று பெயர் சொல்லி எழுதிய ரோம் சாசனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. செப்டம்பரில், ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் ஒரு நகர முதல்வரின் வழக்கில், ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் வன்புணர்வு இனப்படுகொலையின் ஒரு பகுதியாகலாம் என்று தீர்ப்பளித்தது. போர் என்றால் இதெல்லாம் நடக்கத்தானே செய்யும் என்ற பேச்சுக்கு நீதிமன்றத்தில் இடமில்லாமல் போயிற்று. ரோம் சாசனத்தில் இலங்கை இன்னும் கையெழுத்திடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1325 கேட்பவற்றை நான்கு தூண்கள் என்று பாடம் நடத்துவார்கள்: பங்கேற்பு, தடுப்பு, பாதுகாப்பு, நிவாரணமும் மீட்சியும். இவற்றில் பாதுகாப்பை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். பங்கேற்பைத்தான் நழுவ விடுகிறார்கள். பெண்ணைக் காக்க வேண்டியவளாகப் பார்ப்பது எளிது. பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காருபவளாகப் பார்ப்பது ஆண்களுக்குக் கடினம். நம் நாட்டில் ஒரு முறை அது நடந்தது. நோர்வேயின் அனுசரணையில் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், பால்நிலை விடயங்களுக்கான உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அரச தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். 2003 மார்ச் மாதம் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். உபகுழுவும் அதோடு போயிற்று.

இந்தத் துறையில் உலக அளவில் முக்கியமான ஒருவர் இலங்கைத் தமிழ்ப் பெண். ராதிகா குமாரசுவாமி 1994 இல் பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதலாவது விசேட அறிக்கையாளரானார். 1325 வந்து பதினைந்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்று 2015 இல் ஐ.நா. வெளியிட்ட உலகளாவிய ஆய்வை வழிநடத்தியவரும் அவரே. ஆய்வை வழிநடத்தியவரின் நாடு 1325க்கான தன் முதலாவது தேசிய செயற்றிட்டத்தை வெளியிட 2023 ஆகிவிட்டது.

அரசு செய்தவை

செய்தவற்றைச் செய்ததாகவே சொல்ல வேண்டும். 1981 இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. 1994 இல் சித்திரவதைக்கெதிரான சட்டம் வந்தது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, தன் காவலில் உள்ள பெண்ணை அரச உத்தியோகத்தர் வன்புணர்ந்தால் ஆகக் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்றாயிற்று. 1996 இல் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம். 2006 இல் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம்.

2006 யூலையில் சனாதிபதி முப்படையினருக்கும் பொலிசாருக்கும் கொடுத்த பணிப்புரைகள் இவற்றைவிட நடைமுறைக்கு நெருக்கமானவை. கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அறிவிக்க விட வேண்டும். பெண்ணையோ பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரையோ கைது செய்தால் அவர் விரும்பும் ஒருவர் கூடப் போகலாம். வாக்குமூலம் அவர் விரும்பும் மொழியில். 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றின் மறுபக்கத்தில் 1979 முதல் பயங்கரவாதத் தடைச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. தடுப்புக் கட்டளை ஒன்றின் பேரில் நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே 18 மாதங்கள் வரை ஒருவரை அடைத்து வைக்க அது இடங்கொடுத்தது. 2022 திருத்தம் அதைப் 12 மாதங்களாகக் குறைத்தது. ஒரு கையால் எழுதியதை இன்னொரு கையால் அழிப்பது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். மலையக இளைஞர்களும் இந்தச் சட்டத்தில் போனார்கள். அவர்களைத் தேடி லயத்திலிருந்து பூசா தடுப்பு முகாமுக்கும் களுத்துறைச் சிறைக்கும் அலைந்தவர்கள் தாய்மாரும் மனைவிமாரும். ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர் இல்லை, அதாவது அன்றைய வேலைப் பதிவு இல்லை. ஒரு நாள் பேர் இல்லாவிட்டால் சம்பளத்தில் துண்டு விழும். இந்தக் கணக்கு எந்தச் செயற்றிட்டத்திலும் இல்லை.

2007 யூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிசார் அதிகாலையில் எழுப்பிப் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். காரணம் பாதுகாப்பு. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அரசு என்பது ஒரே ஆள் இல்லை என்பதைப் புதிதாகப் படிப்பவர் இங்கே கவனிக்கலாம். ஒரு கிளை ஏற்றிய பஸ்ஸை இன்னொரு கிளை நிறுத்தியது.

வன்னியிலும் மலையகம் இருந்தது

1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. காந்தியம் போன்ற அமைப்புகள் காடு வெட்டிக் குடியேற உதவின. அடிக்காத இடம் என்று நம்பிப் போனவர்கள். 2009 இல் போர் முடிந்தபோது அதன் நடுவே அகப்பட்டவர்களில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். பீலித் தண்ணீரையும் பனியையும் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், முள்ளிவாய்க்கால் மணலில் பதுங்குகுழி தோண்டினார்கள்.

போர் நடக்கும் இடத்தில் மக்கள் ஒதுங்க ஒரு பகுதியைத் தரப்புகள் பேசி ஒதுக்கலாம் என்று நான்காம் ஜெனீவா ஒப்பந்தமே சொல்கிறது. அந்த ‘பேசி’ என்பது முக்கியம். 2009 இல் அரசு ஒருதலையாக மூன்று முறை ‘யுத்த சூனிய வலயம்’ அறிவித்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் கொடுத்த அறிக்கை, அந்த வலயங்களுக்குள் அரச படை ஷெல் அடித்தது என்றும், புலிகள் மக்களைக் கேடயமாக்கித் தப்பியோடியவர்களைச் சுட்டார்கள் என்றும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது. அரசு அதை ஏற்கவில்லை. உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

அதன் பிறகு வந்தவை நான்காவது தூணுக்குரியவை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல், இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கானது 2018 இல். இடையில் சத்தமில்லாமல் வந்த ஒரு சிறு மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். முன்பு, காணாமற்போன கணவனின் வங்கிக் கணக்கையோ காணியையோ தொட வேண்டுமானால் மனைவி அவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அவர் எங்கோ இருக்கிறார் என்று நம்பும் ஒருத்தி, கையெழுத்துப் போட்டு அவரைக் கொல்ல வேண்டும் என்பது போன்ற நிலை. 2016 முதல் ‘காணப்படாமைச் சான்றிதழ்’ பெறலாம். இறந்தார் என்று எழுதாமலே அலுவல்களைச் செய்யலாம். அலுவலகங்களின் மீது நம்பிக்கையில்லாத தாய்மார் இன்றும் வடக்குக் கிழக்கில் தெருவோரப் பந்தலில் படங்களுடன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது சான்றிதழை அல்ல.

அட்டையும் மொழியும்

இனி நம் ஊருக்கு வருவோம். மலையகத் தமிழருக்குப் பாதுகாப்பின் முதல் படி குடியுரிமையாகவே இருந்தது. 1948 சட்டம் அதைப் பறித்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைக்கும் இந்தியாவுக்குமாக ஆட்களை எண்ணிப் பங்கிட்டது. கடைசி நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003 இல்தான் வந்தது. போர் தொடங்கி இருபது ஆண்டு கழிந்திருந்தது. அந்த இருபது ஆண்டும் சோதனைச் சாவடியில் அட்டை கேட்டார்கள். அட்டை இல்லாத பெண்ணுக்கு ஜெனீவாவில் என்ன எழுதியிருந்தாலும் அது அவிசாவளைத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

அன்று திரைக்குள் நடந்த இரண்டு சட்டங்கள் இவை. பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும், கண்ணியத்தோடு செய்ய வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. சர்வதேசச் சட்டமும் காவலில் உள்ள பெண்கள் பெண்களின் நேரடிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, தமிழில் பேசும் உரிமை. தமிழ் 1987 முதல் அரச கரும மொழி. 1999 இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. சட்டப்படி அந்தப் பெண் பொலிஸ் தன் கடமையைச் செய்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் அன்று விடுமுறையில் இருந்திருந்தால் அந்த இரண்டு சட்டங்களும் விடுமுறையில் இருந்திருக்கும். அதனால்தான் ஓர் அரசு இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று யாராவது கேட்டால், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை விட்டுவிட்டு நியமனக் கடிதங்களை எண்ணச் சொல்வேன்.

கைவசம் வைத்துக்கொள்ளச் சில விவரங்கள். படையினரோ பொலிசாரோ வேறு அரச உத்தியோகத்தரோ அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஏழைக்கு ஒரு மாதம் என்பது வக்கீலைத் தேடவே போதாது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பலருக்கு இது தெரிவதில்லை. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சாட்சி சொல்லப் பயப்படுபவர்களுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் 2015 இல் வந்தது. 2023 இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது.

பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றிய முதலாவது தேசிய செயற்றிட்டம் 2023 முதல் 2027 வரைக்கானது. அதைப் பற்றி ஒரு தொழிற்சங்க மாதர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வெறும் கையோடு போகக் கூடாதே என்று முந்தைய நாள் அருகிலிருக்கும் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பெண்கள் பிரிவில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேட்டேன். இருந்தார். நல்ல பிள்ளை, பதுளைப் பக்கம், அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவராம். நாற்காலி போட்டு உட்கார வைத்து, முறைப்பாட்டுப் புத்தகத்தைக்கூடத் திறந்து காட்டினார். தமிழில் எழுதிய பக்கங்கள் இருந்தன. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒருத்தி ஓடிவந்தால் யாரிடம் பேசுவாள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். “நான் விடுதிக்குப் போயிருப்பேன், அக்கா,” என்றார். “காலையில் வரச் சொல்வார்கள்.”